குடமலை அகிலும் கடல்வழி அகிலும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற மலைகளின் நறுமண மர வரலாறு

தமிழ் இலக்கிய மரபில் ஆரமும் அகிலும் பெரும்பாலும் இணைந்தே பேசப்படுகின்றன. மலைவளம் பாடும்போதும், மகளிர் கூந்தலுக்குப் புகையூட்டுவதைச் சொல்லும்போதும், அருவி அடித்துவரும் பொருள்களை அடுக்கும்போதும் ஒன்றைச் சொன்ன புலவர் மற்றொன்றையும் சொல்லக் காண்கிறோம். ஆரம் எனப்படும் சந்தனம் எந்த மரம் என்பதில் ஐயமில்லை. சாண்டலம் ஆல்பம் எனத் தாவரவியலார் குறிக்கும் அதே மரம் இன்றும் மறையூர் மலைச்சரிவில் நிற்கிறது. அகிலின் நிலை அவ்வாறன்று. உலகச் சந்தையில் ‘ஊது’ என்னும் பெயரில் பெருவிலை பெறும் அகில், அக்குலேரியா இனத்து மரங்களில் விளைவது. அவ்வினம் அசாம், திரிபுரா தொடங்கிக் கிழக்கே மலேசியா, இந்தோனேசியா வரை இயற்கையாக வளர்வதேயன்றி மேற்குத்தொடர்ச்சி மலைக்கு உரியதன்று. அண்மைக் காலத்தில் கேரளத்து மலைத் தோட்டங்களில் இம்மரத்தை நடுவோர் பெருகியுள்ளனர். நடவை ஊக்குவிப்போர் சங்க இலக்கியச் சான்றுகளைத் துணைக்கு அழைத்து, பண்டைய மரமே தன் மண்ணுக்குத் திரும்புவதாகப் பேசுவதுண்டு. இக்கூற்று எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதையும், இம்மலைகளில் நறுமண மரங்களைச் சார்ந்த நிலைத்த தொழில் ஒன்று உருவாகாமைக்குரிய வரலாற்றுக் காரணத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மலை, இரு முகம்

கேரளத்து ஆறுகளில் கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கு நோக்கிப் பாய்ந்து காவிரியைச் சேர்வன. இவற்றுள் பவானி பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடி வழியாகவும், பாம்பாறு இடுக்கி மாவட்டத்து மறையூர் வழியாகவும் வருகின்றன. பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். எனினும் தமிழ்நாட்டை நோக்கிய அவற்றின் கிழக்குச் சரிவுகள் ஒரே இயல்பின. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்கு முகத்தில் பொழிந்துவிட்டு வறண்ட காற்றாக இறங்கும் மழைமறைவுப் பகுதிகள் அவை. மூணாற்றில் மழை கொட்டும்போது அதற்கு மிக அணித்தேயுள்ள சின்னாற்றில் ஆண்டு முழுமைக்கும் ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது.

சந்தனம் இவ்வறட்சியை விரும்பும் மரம். பிற செடிகொடிகளின் வேரிலிருந்து ஊட்டம் பெறும் அரை ஒட்டுண்ணியாகிய அது, ஈரமிக்க நிலத்தில் தழைத்தாலும் வைரம் ஏறுவதில் பின்தங்கும். அட்டப்பாடியின் கிழக்குப் பகுதியிலும் மறையூரிலும் அது இயற்கையாக வளர்வதற்கு இதுவே காரணம். மலையின் மறுமுகமாகிய மேற்கில், பசுமைமாறாக் காடுகளில் வானளாவி வளரும் மரம் ஒன்றை மலையாளத்தார் ‘வெள்ளகில்’ என வழங்குகின்றனர். டைசாக்சிலம் மலபாரிகம் என்பது அதன் தாவரவியற் பெயர். வேப்பமரக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் கட்டை வெண்ணிறமும் இனிய மணமும் உடையது. ஆக, ஆரமும் அகிலும் என இலக்கியம் இணைத்துச் சொல்லும் இரண்டும் ஒரே மலையின் இரு வேறு முகங்களில் வளர்ந்தவை எனக் கொள்ள இடமுண்டு.

இவ்வியற்கை அமைப்பைக் கருத்திற்கொண்டு பட்டினப்பாலையை நோக்கினால் ஒரு செய்தி தெளிவாகிறது. புகார் நகரத்து அங்காடிக்கு வந்து குவிந்த பொருள்களை அந்நூல் பிறப்பிடத்துடன் சேர்த்துச் சொல்கிறது. அவற்றுள் சந்தனத்துக்கும் அகிலுக்கும் சொல்லப்பட்ட பிறப்பிடம் குடமலை, அதாவது மேற்குமலை. பவானியும் பாம்பாறும் (அமராவதி வழியாக) காவிரியில் கலக்க, காவிரி புகாரில் கடல் சேர்கிறது. கட்டைகள் முழுவதும் நீர்வழியே வந்தன என்று கொள்ள வேண்டியதில்லை. எனினும் மலைக்கும் துறைமுகத்துக்கும் இடையே ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒட்டியே வழிகள் அமைந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டையும் சேரக் கடற்கரையையும் இணைத்த பெருவழியும் அவற்றோடு சேர்ந்ததே.

மலைவாழ்நர் கையில்

சங்கச் செய்யுள்களில் அகில் விளைபொருளாகக் காட்டப்படவில்லை. காட்டில் தானே வளர்ந்த பொருளாகவே வருகிறது. குறவர் தினை விதைக்கும் பொருட்டுக் காட்டை வெட்டி எரிக்கும்போது அகிற்புகை மலைமுழுதும் கமழ்கிறது. ஐங்குறுநூறு ‘பூழில்’ என்ற மற்றொரு பெயரால் அகிலைக் குறிப்பிட்டு, சந்தனத்தோடு சேர்த்து அதன் புகையைச் சொல்கிறது. ஒரு நகரத்துச் செல்வர் விலைகொடுத்து வாங்கிப் புகைக்கும் பொருளை, மலையில் ஒருவன் தினைப்புனத்துக்காகச் சாம்பலாக்குகிறான். இம்முரண் புலவர்களின் கற்பனை மட்டும் என்று தள்ளத்தக்கதன்று. மலையில் அது அவ்வளவு எளிதாகக் கிடைத்தது என்பதே இதனால் புலப்படுகிறது.

ஈண்டு ஒரு தாவரவியல் உண்மை துணைசெய்கிறது. அக்குலேரியா மரத்தின் நலமான கட்டைக்கு மணமே இல்லை. புழு துளைத்தோ, முறிந்தோ உண்டான புண்ணில் பூஞ்சை தொற்றும்போது, அதனை எதிர்க்க மரம் ஒருவகைப் பிசினைச் சுரக்கிறது. பிசின் ஊறிக் கறுத்த பகுதியே அகில். எல்லா மரத்திலும் அது உண்டாவதில்லை. எனவே அக்குலேரியா மரங்கள் நிறைந்த ஒரு காட்டை எரித்தாலும் மலைமுழுதும் மணக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கட்டை முழுவதும் மணமுடைய மரங்கள் எரிந்தாலே அவ்வாறு மணக்கும். சங்கப் புலவர் கண்ட குறிஞ்சி நிலத்து அகில், வெள்ளகிலோ அதனையொத்த வேறு மணக்கட்டை மரமோ ஆகலாம் என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. இலங்கையின் ஈரவலயக் காடுகளில் வளரும் வல்லப்பட்டை எனும் கைரினாப்ஸ் வாலா மரமும் அகில் தரவல்லது. அக்குலேரியாவுக்கு நெருங்கிய இனமாகிய அம்மரத்தை மறந்துவிடுவதற்கில்லை. ஆயினும் அதன் வாழிடம் பெரும்பாலும் இலங்கையே என்பதால் குடமலை அகில் அதுதான் எனத் துணிய இயலாது.

சிலப்பதிகாரத்தின் இரு சான்றுகள்

அகில் என்னும் ஒரு சொல் இரு வேறு பொருள்களைச் சுட்டியது என்பதற்குச் சிலப்பதிகாரத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. வஞ்சிக்காண்டத்துக் காட்சிக்காதையில் செங்குட்டுவன் பேரியாற்றங்கரையில் தங்கியிருக்கிறான். குன்றக் குறவர் யானைத் தந்தம், அகிற் குவியல், கவரி, தேன், சந்தனம் முதலான கையுறைகளைக் கொண்டுவந்து அவனைக் காண்கின்றனர். பேரியாறு என்பது இன்றைய இடுக்கி மாவட்டத்து மலைகள் வழியே பாய்ந்து கொச்சிக்கு வடக்கே கடலை அடையும் பெரியாறே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. இது மலையிலிருந்து இறங்கிவந்த அகில்.

மதுரைக்காண்டத்து ஊர்காண் காதையோ வேறொரு காட்சியைத் தருகிறது. அங்கே அகில், துகில், ஆரம், வாசப்பொருள்கள், கருப்பூரம் ஆகியன தொண்டியோரின் மரக்கலத் தொகுதியோடு இணைத்துச் சொல்லப்படுகின்றன. அவற்றைச் சுமந்து மதுரைக்குள் வருவது கீழைக்காற்று. இது கடல்வழி வந்த அகில். ஒரே காப்பியத்துள் மேற்கு மலையின் அகிலும் கிழக்குக் கடலின் அகிலும் வேறு வேறு இடங்களில் அமைந்திருப்பது நோக்கத்தக்கது.

இப்பகுதிக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரை மேலும் ஒரு படி செல்கிறது. அகிலின் வகைகளாக அவர் தரும் பெயர்கள் அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்பன. காரகில் நிறத்தால் பெற்ற பெயர். மற்ற மூன்றும் இடத்தால் பெற்றவை. அருமணம் கீழைப் பர்மாவின் இராமஞ்ஞ தேசம் எனவும், தக்கோலம் தாய்லாந்துத் தீபகற்பத்துத் துறைமுகம் எனவும், கிடாரம் கடாரமாகிய கெடா எனவும் ஆய்வாளர் கொள்வர். பின்னிரண்டும் இராசேந்திர சோழன் 1025 அளவில் கடற்படை செலுத்திய நிலப்பரப்பில் அடங்குவன. சந்தனத்துக்கு அவர் தரும் வகைகளிலும் ‘தீமுரன்’ என ஒன்று வருகிறது. அது தீமோர்த் தீவின் சந்தனம் ஆகலாம். ஆனால் சந்தனப் பட்டியலில் ‘மலையாரம்’ என்பதும் இடம்பெற்றிருக்கிறது. அகிற் பட்டியலில் ‘மலையகில்’ என்று ஒன்று இல்லை. உரையாசிரியர் காலத்துச் சந்தையில் மலைச்சந்தனம் தன் பெயரைக் காத்துக்கொண்டது; மலை அகிலோ பெயர்பெறும் சரக்காக இல்லாது போயிற்று.

வணிகச் சான்றுகளும் இதனோடு ஒத்துச்செல்கின்றன. ஆறாம் நூற்றாண்டின் காஸ்மாஸ், கீழை நாடுகளிலிருந்து பட்டு, அகில், இலவங்கம், சந்தனம் ஆகியவை இலங்கைக்கு வந்து அங்கிருந்து மேற்கே செல்வதை எழுதியுள்ளார். 1225இல் சீனத் துறைமுக அதிகாரி சாவ் சூகுவா தொகுத்த நூல் கம்போடிய அகிலுக்கு முதலிடமும் சம்பா நாட்டு அகிலுக்கு அடுத்த இடமும் அளிக்கிறது. பிரான்மலையில் உள்ள வணிகக் குழுவினரின் கல்வெட்டு வரிக்குரிய பொருள்களில் சந்தனத்தையும் அகிலையும் சேர்த்துள்ளது. அர்த்தசாத்திரமும் அகிலின் வகைகளுள் ஒன்றைக் கடலுக்கு அப்பாலிருந்து வருவது என்னும் பொருள்படும் பெயரால் குறிப்பிடுவதால், இவ்வேறுபாடு தமிழ் வணிகருக்கு மட்டும் தெரிந்த ஒன்றன்று.

‘காட்டு அகில்’

போர்த்துக்கீசியர் மேற்குக் கரைக்கு வந்தபோது அகில் என்னும் சொல்லைக் கரையோர மக்களிடமிருந்தே ஏற்றனர். அவர்கள் நாவில் அது ‘ஆகுயிலா’ ஆயிற்று. கழுகைக் குறிக்கும் சொல்லோடு அது ஒலியால் ஒத்திருந்தமையால், பிற ஐரோப்பியர் அதனைக் ‘கழுகுமரம்’ என மொழிபெயர்த்துக்கொண்டனர். கழுகுக்கும் இம்மரத்துக்கும் எத்தொடர்பும் இல்லை. மலையாளக் கரையின் ஒரு சொல் திரிந்து உலக மொழிகளில் பறவையாகிப் பறந்துவிட்டது.

இங்கு இன்றியமையாத சான்று 1596இல் வெளியான லின்ஸ்கோட்டனின் பயண நூலில் உள்ளது. விலையுயர்ந்த அகிலை விரித்துரைத்த அவர், அதனினும் தாழ்ந்த ‘காட்டு அகில்’ என ஒன்று இருப்பதையும், அது இலங்கையிலும் சோழமண்டலக் கரையிலும் கிடைப்பதையும், பிராமணரின் உடலை எரிக்க அது பயன்படுவதையும் குறிப்பிடுகிறார். பட்டினப்பாலையில் பெருமையோடு இடம்பெற்ற உள்நாட்டு அகில், பதினாறாம் நூற்றாண்டில் ஈமவிறகாக எஞ்சியிருந்தது என்பதே இதன் பொருள். அகில் எனும் பெயரின் பெருமையைக் கடல்வழிச் சரக்கு எடுத்துக்கொள்ள, மலைமரத்துக்கு ‘காட்டு’ என்னும் அடைமொழி மிஞ்சிற்று.

அரசுரிமையான மரம்

சந்தனத்தின் கதை வேறு. அது பெயரை இழக்கவில்லை, உடையவரை இழந்தது. திப்பு சுல்தான் 1792இல் மைசூர் நாட்டில் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக்கினார். திருவிதாங்கூரிலும் தேக்கு, ஈட்டி, கருங்காலி ஆகியவற்றோடு சந்தனமும் அரசுரிமை மரமாயிற்று. யாருடைய நிலத்தில் முளைத்தாலும் மரம் மன்னனுடையது. மைசூரில் 1916இல் சந்தன எண்ணெய் ஆலை அமைந்தது. முதல் உலகப்போரால் செருமனிக்குக் கட்டை அனுப்புவது தடைப்பட்டதே அதற்கு உடனடிக் காரணம். அரசுரிமையின் பயன் தொழிலாக மாறிய இடம் அது. மறையூர்ப் பகுதிக்கு அவ்வாய்ப்பும் வாய்க்கவில்லை.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகிய ஊர்கள் அடங்கிய அஞ்சுநாடு தமிழ் பேசும் நாடு. மதுரைப் பக்கமிருந்து குடிபெயர்ந்தோர் வழியினர் என்பது அங்குள்ள குடிகளின் மரபுச் செய்தி. அவர்களுக்கு முன்னரே முதுவர், மலைப்புலையர் முதலான பழங்குடியினர் வாழ்ந்த இம்மலைகளில் பெருங்கற்காலக் கல்லறைகள் ‘முனியறை’ என்னும் பெயரில் இன்றும் காணப்படுகின்றன. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற பின், மலையின் ஈரமுகம் படிப்படியாகத் தேயிலைக்குச் சென்றது. தெற்கேயுள்ள மலைகளில் ஏலக்காய் நிழல் நாடும் பயிராதலால் பெருமரங்களில் ஒரு பகுதி பிழைத்தது. பாலக்காட்டு நெல்லியாம்பதியில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. வறண்ட முகத்துச் சந்தனக்காடு தோட்டத்துக்கு உதவாத நிலமாதலால் தப்பி, பின் அரசின் காப்புக்காடாயிற்று. 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு அமைந்தன. ஒரே மலையின் மரம் இரு மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது. மலைவழிகள் கடத்தல் வழிகளாயின.

இந்தியச் சந்தனத்தின் ஆண்டு விளைவு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 4000 டன்னாக இருந்து, அந்நூற்றாண்டு முடிந்தபின் சில நூறு டன்னாகச் சுருங்கியது. 1899இல் குடகில் முதன்முதலாகப் பதிவான ஸ்பைக் நோயும், திருட்டும் காரணங்களாகச் சொல்லப்படும். அவற்றைவிட ஆழமான காரணம் உரிமையில் இருக்கிறது. தன் நிலத்தில் முளைத்த சந்தனக் கன்றால் தனக்கு வருவாயில்லை, தொல்லை மட்டுமே உண்டு என அறிந்த உழவன் அதனை முளையிலேயே பிடுங்கிவிட்டான். இப்படி அழிந்த மரங்கள் எந்தக் கணக்கிலும் ஏறியவை அல்ல. கருநாடகம் 2001லும் தமிழ்நாடு 2002லும் சட்டத்தைத் திருத்தி நிலவுடைமையாளருக்கு மரத்தின்மீது உரிமை வழங்கின. கேரளம் வேறு வழியில் நின்றது. பட்டா நிலத்து மரங்களை வெட்ட இசைவளித்த 2020 அக்டோபர் ஆணையில்கூடச் சந்தனம் விலக்கப்பட்டிருந்தது. பிற மரங்களைப் பொறுத்து எழுந்த முறைகேடுகளால் அவ்வாணையும் 2021 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.

இதற்கிடையில் மறையூரில் வேறொரு முறை நிலைபெற்றது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சந்தன மரங்கள் நிற்கும் அக்காட்டில் பச்சைமரம் வெட்டப்படுவதில்லை. பட்டுப்போனவை, காற்றில் சாய்ந்தவை, கடத்தலில் பிடிபட்டவை மட்டுமே செப்பனிடப்பட்டு மின்னணு முறையில் விற்பனைக்கு வருகின்றன. குருவாயூர்த் தேவசம் போன்ற கோயில் அமைப்புகளும் அங்குக் கட்டை வாங்குகின்றன. பழங்குடியினர் காவலர்களாகப் பணியாற்றுகின்றனர். காட்டைக் காத்ததில் இம்முறை வெற்றி பெற்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இது காப்பு முறையேயன்றி விளைவிக்கும் முறையன்று. காவலிருப்பவரின் கூலிக்கு அப்பால் மரத்தில் பங்கு தருவதுமன்று.

அசாமின் வீட்டுத் தோட்டம்

உண்மை அகிலின் தாயகமாகிய அசாமில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. ஏழாம் நூற்றாண்டில் காமரூப மன்னன் பாஸ்கரவர்மன் ஹர்ஷருக்கு அனுப்பிய பரிசுகளில் அகில் நெய்யும், அகிற்பட்டையில் எழுதிய சுவடிகளும் இருந்ததாகப் பாணரின் ஹர்ஷசரிதம் கூறுகிறது. பனையோலைக்குரிய இடத்தை அங்கே அகிற்பட்டை பெற்றிருந்தது. காட்டு மரங்கள் கண்மூடித்தனமாக வெட்டப்பட்டு அங்கும் அருகிப்போயின. மலாக்கென்சிஸ் வகை 1995 முதலும் அக்குலேரியா இனம் முழுவதும் 2005 முதலும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஆயினும் மேல் அசாமில் பாக்குமரங்களுக்கிடையே வீட்டைச் சுற்றி அகில் நடும் வழக்கம் தொடர்ந்தது. மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்கத்தக்க சேமிப்பாக மரம் கருதப்பட்டது. தண்டைத் துளைக்கும் புழு தானே வந்து வேலையைச் செய்ய, ஹோஜாய் ஊரின் வாலைகளில் எண்ணெய் வடிக்கப்பட்டு வளைகுடா நாடுகளுக்குச் சென்றது. காட்டில் அழிந்த மரம் வீட்டுக் கொல்லையில் பிழைத்ததற்கு மரம் வளர்த்தவனுடையதாக இருந்ததே காரணம். அசாம் 2020லும் திரிபுரா 2021லும் அகிலுக்கெனக் கொள்கை வகுத்தது இந்த அடித்தளத்தின் மீதே.

இதற்கு நேர்மாறான பாடம் இலங்கையில் கிடைக்கிறது. வல்லப்பட்டை அகில் தரும் என்னும் செய்தி பரவியதும், 2012 முதல் அம்மரத்தின் துண்டுகள் கடத்தப்படுவதைச் சுங்கத்துறை பிடிக்கலாயிற்று. நூற்றாண்டுகளாகப் பட்டையில் கயிறு திரித்த மக்கள் சேதமின்றி வைத்திருந்த மரம், விலை தெரிந்த சில ஆண்டுகளில் காடுகளில் வெட்டுண்டது. நடுவோர் இல்லாத இடத்தில் விலையேற்றமே மரத்துக்குப் பகையாயிற்று.

இன்றைய நடவு

இப்பின்னணியில் இடுக்கி, பாலக்காட்டு மலைத் தோட்டங்களில் காப்பி, பாக்கு, ஏலக்காய் ஆகியவற்றிடையே நடப்படும் அக்குலேரியாவை மதிப்பிட வேண்டும். அது குடமலை அகிலின் மறுவருகை அன்று. அடியார்க்கு நல்லார் பட்டியலிட்ட கடல்வழி அகில் முதன்முறையாக மலையேறியிருக்கிறது. சங்கப் பாடலைக் காட்டிக் கன்று விற்பது உழவருக்கு நன்மை செய்யாது. அசாமில் அகிலை உண்டாக்கும் புழுவும் பூஞ்சையும் இங்கே அதே அளவில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லாமையால், தண்டில் துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்தும் செயற்கை முறையையே நம்ப வேண்டியுள்ளது. கன்று நட்டுப் பல ஆண்டு காத்து, தொற்றேற்றிய பின்னும் சில ஆண்டு காத்தே பிசின் உண்டா இல்லையா என அறியலாம். அதன் தரம் அறியும் கைப்பயிற்சி அசாமியத் தொழிலாளரிடம் தலைமுறை வழி வந்தது. கன்றோடு சேர்ந்து அது விலைக்கு வருவதில்லை. ஏற்றுமதிக்குச் சைட்டீஸ் அனுமதியும் வேண்டும். ஆயினும் மரம் நட்டவனுடையது என்னும் ஒரு கூறு இந்நடவில் இருக்கிறது. சந்தனத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இம்மலையில் வாய்க்காதது அதுவே.

2025இல் தனியார் நிலத்துச் சந்தனத்தை வனத்துறை வழியாக வெட்டி விற்று உரியவருக்குப் பணம் வழங்க வகைசெய்யும் சட்டத்திருத்த முன்வரைவுக்குக் கேரள அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அஞ்சுநாட்டு உழவர் தம் வேலியோரத்துச் சந்தனக் கன்றை இனி விட்டுவைப்பரா என்பது அதன் நடைமுறையைப் பொறுத்தது. வெள்ளகிலுக்கோ இத்தகைய கொள்கை எதுவும் இல்லை. நாற்றுப்பண்ணையில் அகில் கேட்பவர்க்கு இன்று அக்குலேரியா தரப்படுகிறது; பட்டினப்பாலையின் பெயருக்கு உரிமை கோரத்தக்க உள்ளூர் மரம், பெரியாற்று மலைகளின் ஈரக்காட்டில் எஞ்சிய இடங்களில், இருவாசிகள் பரப்பும் விதைகளை நம்பி நிற்கிறது.